உறுப்பினர் எண் 1263

நவம்பர் 3

மாவட்ட மைய நூலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. நூலக வார விழாவை ஒட்டி ஒவ்வொரு கிளை நூலகமும் ‘வாசகர்களுக்குப் பரிந்துரைக்கும் பத்து நூல்கள்’ என்று பட்டியல் தயாரித்துப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நகல் இருபதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். ‘பல்சுவையாக இருத்தல் அவசியம்’ என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்கள்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊருக்கு நான் பரிந்துரைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுள்ளிக்காட்டுப்பாளையம் என் பரிந்துரைகளை மரியாதையாகக் கேட்கும், தலையாட்டும், பிறகு வேறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகும்.

பட்டியலைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன். எட்டு நாவல்கள். அவற்றில் ஆறில் எல்லோரும் இறந்துபோவார்கள். ஏழாவதில் ஒரு சமையற்காரர் மட்டும் பிழைப்பார். நாவல் அல்லாத மீதி இரண்டில் ஒன்று கவிதை, ஒன்று தத்துவம். பல்சுவை என்று இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

நான்கு மாதமாகக் குரல் கம்மிக் கிடக்கிறது. நாளை மறுநாள் கோவை மருத்துவமனையில் தொண்டைக்குள் பார்க்கப்போகிறார்கள். ஊரில் கேட்டவர்களிடம் ‘புத்தகத் தூசி’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். புத்தகத்தின் மேல் நான் பழி போட்டது இதுவே முதல் தடவை.

நவம்பர் 5, கோவை

குரல்வளையில் ஒரு சிறு கட்டி. மயக்கம் கொடுத்து, அதிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு பதினெட்டாம் தேதி.

மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் உறவினர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். “கூட யாரு வந்திருக்காங்க?” என்று டாக்டர் கேட்டார். பையைக் காட்டினேன். பையில் மாற்று வேட்டியும் எழுநூற்று நாற்பது பக்க நாவல் ஒன்றும் இருந்தன. நாவல் கையெழுத்துப் போடாது என்பதால், பக்கத்துப் படுக்கைக்காரரின் மச்சான் முன்வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரம். ‘உறவு’ என்ற இடத்தில் யோசிக்காமல் ‘சகோதரன்’ என்று எழுதினார். ஒன்றரை மணி நேரம் எனக்கு ஒரு சகோதரர் இருந்தார். மயக்கம் தெளிந்தபோது அவர் ஊருக்குப் போய்விட்டிருந்தார். நன்றி சொல்லப் பெயர்கூடத் தெரியாது.

முடிவு வரும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. சட்டைப் பையில் அட்டைகள் இருந்தன. பழைய நூல் அட்டவணை அட்டைகள். நூலகத்துக்குக் கணினி வந்த பிறகு நாலாயிரம் அட்டைகள் வேலையில்லாமல் கிடக்கின்றன. முன்பக்கம் ஏதோ ஒரு நூலின் பெயரும் எண்ணும் இருக்கும், பின்பக்கம் வெற்று. பால் கணக்கிலிருந்து வீட்டு வரி வரை எனக்கு எல்லாக் குறிப்பும் அதில்தான். மாலையில் டாக்டர் வந்தபோது ஓர் அட்டையில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “ரிசல்ட் வரட்டும் சார். இப்பவே எதுக்கு?” என்றார்.

அட்டையை நாவலின் 112ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்தேன். அதற்கு மேல் இன்று ஓடவில்லை.

நவம்பர் 7

நூலகம் திறந்தேன். மேசையில் ‘குரலுக்கு ஓய்வு. எழுத்தில் மட்டும்’ என்ற அட்டையை நிறுத்தி வைத்தேன்.

முதல் ஆள் ராக்கியண்ணன். லேத் பட்டறை வைத்திருந்தவர், அறுபத்தெட்டு வயது, உறுப்பினர் எண் 417. முப்பது ஆண்டுகளாக முதல் பக்கத்திலேயே பிணம் விழும் துப்பறியும் நாவல்களை மட்டும் படிக்கிறார். அதிலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவார். இது வாசிப்பு அல்ல, திருட்டு என்று அவரிடம் நான் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

அட்டையைப் படித்தார். “ஏனுங் தம்பி, பேசவே மாட்டீங்களா?”

தலையாட்டினேன்.

“எத்தன நாளைக்குங்?”

பத்து விரலைக் காட்டினேன்.

“அட, ஊரே பொங்க வெக்கோணுமே!” என்று உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

பதில் பேச முடியாத கோபத்தில், பையிலிருந்த எழுநூற்று நாற்பது பக்க நாவலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கடந்த பதினைந்து ஆண்டுகளில் என்னைத் தவிர யாரும் தொடாத நூல். புரட்டிப் பார்த்தார், கையில் எடை பார்த்தார்.

“இத்தன வருசத்துல வியாக்கியானம் இல்லாம நீங்க குடுத்த பொஸ்தகம் இது ஒண்ணுதானுங். அப்ப நல்லாத்தான் இருக்கும். பதிஞ்சு குடுங்.”

பதிந்து கொடுத்தேன். என் வாழ்க்கையில் வெற்றி பெற்ற முதல் பரிந்துரைக்கு நான் வாயே திறக்கவில்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனிக்கலாம்.

நவம்பர் 8

வெள்ளி. நூலகத்துக்கு விடுமுறை. சோறு வடித்தேன், துணி துவைத்தேன், யாரோடும் பேசவில்லை. எந்த வெள்ளிக்கிழமையும் நான் யாரோடும் பேசுவதில்லை என்பது இன்றுதான் கவனத்துக்கு வந்தது.

நவம்பர் 9

இரண்டாம் சனி. மேற்படி.

நவம்பர் 10

ஊரில் ஏதோ சரியில்லை. நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் பழனாத்தாள் இன்று சத்தமில்லாமல் பெருக்கினார். வழக்கமாக அவர் பெருக்கினால் பக்கத்துத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவரின் கை நடுங்கும். பெருக்கி முடித்து ஒரு தூக்குப்போசியை என் மேசையில் வைத்தார்.

“கொள்ளு ரசமுங் சாரு. மொளகு போடல. தொண்டைக்கு எரியாது.”

நன்றி என்று எழுதிக் காட்டினேன். படிக்கத் தெரியாதவருக்கு எழுதிக் காட்டுகிறோமே என்று பாதியில் நினைவு வந்து கைகூப்பினேன். அவர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சாரு, எனக்கு ஒரு மெம்பர் கார்டு போட்டுக் குடுங்.”

பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறார். எதற்கு என்று கையை விரித்தேன்.

“எல்லாத்துக்கும் ஒரு நெம்பர் இருக்குது. எனக்கு மட்டும் இல்லீங்ளே. என்னமோ எளுதிக் கேக்கறாங்கன்னா நெம்பர் போட்டாத்தான செல்லும்?”

யார் என்ன எழுதிக் கேட்கிறார்கள் என்று புரியவில்லை. ரேஷன் கடை விவகாரமாக இருக்கும். படிவத்தை நிரப்பினேன். கையெழுத்து என்ற இடத்தில் கைநாட்டுக்காக மைப்பெட்டியைத் தள்ளினேன். அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பேனாவை உலக்கை மாதிரி பிடித்து, நான்கு நிமிடத்தில் ‘பழனாத்தாள்’ என்று எழுதினார். ‘ழ’ கொஞ்சம் சரிந்திருந்தது. மற்றபடி பிழையில்லை.

எண் 1263.

நவம்பர் 11

எல்லோரும் எனக்குப் புத்தகம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வாயில்லாதவன் மேல் யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

இன்று பர்வீன். எண் 988. இருபத்தாறு வயது. அரசுத் தேர்வுக்கு நான்காம் முறையாகப் படிக்கிறாள். ஜன்னலோர நாற்காலி அவளுடையது. கதைப் புத்தகம் எதையும் தொட மாட்டாள். இலக்கியம் படிக்காமல் ஒருவர் எப்படி நல்ல அரசு ஊழியர் ஆக முடியும் என்று போன மாதம்தான் அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். நான் இலக்கியம் படித்த அரசு ஊழியன். வாதம் எங்கேயோ பலவீனமாக இருந்திருக்க வேண்டும்.

அவள் தன் வினா-விடைப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். மூவாயிரம் கேள்விகள்.

“சார், இத வச்சுக்குங்க. மனசு எதயாச்சும் நெனச்சு ஓடுதுன்னா, ஒரு பக்கம் எடுத்துப் போடுங்க. நாலு விடைல ஒண்ணு கண்டிப்பா சரியா இருக்கும். வெளிய அப்படியா இருக்குது? அதான் இதப் படிச்சா நிம்மதி.”

‘எனக்கு மனசு ஓடவில்லை’ என்று எழுதிக் காட்டினேன்.

“சரிங் சார்,” என்றாள். ஆனால் புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மாலைக்குள் நூற்று முப்பது கேள்விகள் போட்டேன். இந்தியாவின் நதிகள் பற்றி எனக்கு இவ்வளவு குறைவாகத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை. பதினெட்டாம் தேதியைப் பற்றி இரண்டு மணி நேரம் நினைக்கவில்லை. இதைக் கூற்று என்று மட்டும் பதிவு செய்கிறேன்; காரணம் எழுதவில்லை.

நவம்பர் 12

ராக்கியண்ணன் வந்தார். நாவல் எப்படிப் போகிறது என்று கையால் கேட்டேன். பதில் சொல்லாமல் துப்பறியும் அலமாரிக்குப் போய் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். அட்டையில் ஒரு பெண், ஒரு கத்தி, ஒரு கார். மூன்றுக்கும் கதையில் தொடர்பு இருக்காது என்பது என் அனுபவம்.

“இது என் சிபாரிசுங் தம்பி. ஆனா கடேசிப் பக்கத்த மொதல்ல படிச்சுப் போடோணும். வெக்கப்படக் கூடாது.”

முகத்தைச் சுளித்தேன்.

அவர் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். இவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதில்லை.

“எம்பட சம்சாரம் ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஆரம்பிச்ச பளக்கமுங் இது. ரண்டு மாசம். என்ன ஆகும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். வராண்டாவுல உக்காந்து படிக்க ஒரு பொஸ்தகம் வாங்கினேன். அதுலயும் யாரு சாவாங்கன்னு தெரியாம உக்காந்திருக்கோணுமா? கடேசியத் திருப்பிப் பாத்துட்டேன். தெரிஞ்சுக்கிட்டா அப்பறம் நடுவுல நிம்மதியாப் போகலாமுங்.”

இருபத்தாறு ஆண்டுகளாக இவரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு முறையும் ஏன் என்று கேட்டதில்லை. பேசிக்கொண்டே இருந்ததால் நேரம் கிடைக்கவில்லை.

கடைசிப் பக்கத்தைப் படித்தேன். கொலையாளி கணக்குப்பிள்ளை. பிறகு முதலிலிருந்து படித்தேன். கணக்குப்பிள்ளை காபி கொண்டுவரும் இடமெல்லாம் மிக நன்றாக இருந்தது.

நவம்பர் 13

இன்று பழனாத்தாளின் முறை. சிறுவர் பகுதியைத் தூசி தட்ட அவருக்குத் தினம் அரை மணி நேரம் ஆகும். அங்கே மொத்தம் இரண்டு அலமாரிகள்தான். அவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை மேலதிகாரிக்கே எழுதலாமா என்று யோசித்திருக்கிறேன். இன்று அவரே சொல்லிவிட்டார். ஆறு ஆண்டுகளாக அந்த அரை மணி நேரத்தில் அவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு அலமாரியையும் முடித்துவிட்டார். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து, இந்த ஊரில் யாருக்கும் வாசிக்கும் ஆசை இல்லை என்று மாவட்டத்துக்கு ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் கொண்டுவந்தது ஆக்டோபஸ் பற்றிய படப் புத்தகம். முப்பத்திரண்டு பக்கம்.

“இதயும் படிங் சாரு. இதுக்கு மூணு இருதயமுங். ஒண்ணு போனாலும் ரண்டு இருக்குது. சாமி எதயும் யோசிக்காமப் படைக்கறதில்ல.”

உயிரியல் அப்படி வேலை செய்வதில்லை. அட்டையில் ‘அப்படி இல்லை, அந்த மூன்றும்’ என்று தொடங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

‘நல்ல நூல்’ என்று வேறு அட்டையில் எழுதினேன். அவர் அதை உரக்க, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

நவம்பர் 14

விழாத் தொடக்கம். கவுன்சிலர் வாசிப்பின் அவசியத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நூலகத்துக்குள் வருவது இதுவே முதல் முறை என்றும், உள்ளே இவ்வளவு காற்றோட்டமாக இருக்கும் என்று தெரியாது என்றும் மனம் திறந்தார். பரிந்துரைப் பலகை காலியாக இருந்தது. என் பட்டியலை இன்னும் எழுதவில்லை. கேட்டதற்கு, சுண்ணக்கட்டி தீர்ந்துவிட்டது என்று எழுதிக் காட்டினேன். ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

நன்றியுரை வழக்கமாக நான்தான். இன்று நான் எழுதியதைப் பர்வீன் வாசித்தாள். என்னுடைய நன்றியுரை மூன்று நிமிடத்தில் முடியக்கூடியது என்பது அவையோருக்குப் புதிய செய்தி.

நவம்பர் 16

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

பதினோரு மணிக்கு ராக்கியண்ணன் அந்த நாவலோடு வந்தார். பின்னால் பர்வீனும் பழனாத்தாளும் வந்து நின்றார்கள்.

“நூத்திப் பன்னண்டாம் பக்கம் வரைக்குந்தான் படிச்சனுங் தம்பி. அதுக்கு மேல முடீல.”

இலக்கிய விமர்சனம் என்று நினைத்து, 113ஆம் பக்கத்தில்தான் கதையே தொடங்குகிறது என்று எழுத அட்டையைத் தேடினேன். அதற்குள் அவரே நாவலைத் திறந்து வைத்தார். அட்டை அங்கே இருந்தது. மருத்துவமனையில் டாக்டரிடம் நான் நீட்டிய அட்டை. என் கையெழுத்து.

‘டாக்டர், இது புற்றுநோயா? எதுவானாலும் என்னிடமே சொல்லிவிடுங்கள். எனக்கு வேறு யாரும் இல்லை.’

இருபத்தாறு ஆண்டுகளாக, திரும்பி வரும் ஒவ்வொரு நூலையும் உதறிப் பார்த்து உள்ளே ஏதும் இல்லை என்று உறுதி செய்தவன் நான். பேருந்துச் சீட்டு, மருந்துச் சீட்டு, ஒரு முறை கல்யாணம் வேண்டாம் என்று அழுது எழுதிய கடிதம்கூட எடுத்து உரியவரிடம் சேர்த்திருக்கிறேன். என் கையால் கொடுத்த நூலை உதறவில்லை.

என் வரிகளுக்குக் கீழே லேத்காரரின் கட்டை எழுத்தில்:

‘தப்பு. 417.’

அதற்குக் கீழே நுணுக்கமான எழுத்தில்:

‘சரியான விடை: (ஈ) மேற்கண்ட, கீழ்க்கண்ட அனைவரும். 988.’

அட்டையின் விளிம்புவரை இறங்கிப்போன பெரிய எழுத்தில்:

‘நானும். 1263.’

மூன்று வரியையும் இரண்டு முறை படித்தேன். எனக்குப் பேசத் தடை. அவர்களுக்கு என்ன தடை என்று தெரியவில்லை.

கடைசியில் பழனாத்தாள்தான் உடைத்தார். “சொந்தம், ஒறம்பரை இல்லீன்னு ஒரு மனுசன் எளுதி வெப்பாங்களா? அதும் டாக்டருகிட்ட! ஏனுங் சாரு, பன்னண்டு வருசமா நாங்க இங்க என்ன பொஸ்தகமா?”

“பளனாத்தா, சத்தம்,” என்றார் ராக்கியண்ணன். “லைப்ரரி.”

“போச்சாது, உடுங். அவருதான் வாயத் தொறக்க மாட்டாருல்ல.”

பர்வீன் சிரித்தாள். பிறகு அழுதாள். மறைப்பதற்குச் செய்தித்தாளை எடுத்தாள், அது தலைகீழாக இருந்தது. நான் அதை வாங்கி, நேராகத் திருப்பி, அவளிடமே கொடுத்தேன்.

நவம்பர் 17

நாளை மூவரும் என்னோடு கோவைக்கு வருகிறார்கள். என் சம்மதம் கேட்கப்படவில்லை.

நவம்பர் 18

டாக்டர் அறிக்கையைத் திறந்தார். “கூட யாராவது வந்திருக்காங்களா?” என்று வழக்கம்போலக் கேட்டார். கதவைக் காட்டினேன். வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டுமா வேண்டாமா என்று பழனாத்தாளுக்கும் நர்சுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார். “எல்லாரும் உங்களுக்கு என்ன வேணும்?” என்றார்.

வாசகர்கள் என்று எழுதப்போனேன். அதற்குள் ராக்கியண்ணன், “சொந்தமுங்,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அதுதான். புற்றுநோய்தான். ஆனால் தொடக்க நிலை, குரல்நாணைத் தாண்டவில்லை. ஆறு வாரம் கதிர்வீச்சு, வாரம் ஐந்து நாள். இந்த நிலையில் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமாகிறார்கள் என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கலாமாம்.

“மின்ன மாதிரி ஒரு மணி நேரம் பேச வருமுங்களா?” என்று ராக்கியண்ணன் கேட்டார்.

“ஆரம்பத்துல கஷ்டம். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்.”

“நெம்ப சந்தோசமுங்,” என்றார். பிறகு அவர் கை என் தோளில் விழுந்து, அங்கேயே இருந்தது. லேத் ஓட்டிய கை. கனமாக இருந்தது.

திரும்பும் பேருந்தில் பழனாத்தாள் யார் எந்தக் கிழமை என்னோடு வருவது என்று பங்கு பிரித்தார். திங்களும் புதனும் ராக்கியண்ணன். செவ்வாயும் வியாழனும் பர்வீன், தேர்வுப் புத்தகத்தோடு. வெள்ளி பழனாத்தாளே. “வெள்ளிக்கெளம எனக்கும் லீவு, உங்களுக்கும் லீவு. ரண்டு பேரும் ஊட்டுல உக்காந்து என்ன பண்றதுங்?”

ராக்கியண்ணன் ஜன்னலோரத்திலிருந்து என் பக்கம் சாய்ந்தார்.

“கடேசிப் பக்கம் பாத்தாச்சு தம்பி. ஆளு பொளச்சுக்கறாரு. இனி நடுவுல வெசனப்படாமப் படிங்.”

நவம்பர் 20

பலகையில் பட்டியல் எழுதினேன். மாவட்டத்துக்கும் நகல் அனுப்பிவிட்டேன்.

மூவாயிரம் கேள்விகள் கொண்ட வினா-விடை நூல். கணக்குப்பிள்ளை கொலை செய்யும் நாவல், கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கவும். ஆக்டோபஸ். மற்றவற்றை வருகிற ஒவ்வொருவரையும் கேட்டு நிரப்பினேன்: தபால்காரர் சொன்ன நாட்டுக்கோழி நோய்கள், பேக்கரிக்காரர் சொன்ன வானவியல் (அவரை நான் ஒருபோதும் வானத்தோடு சேர்த்து நினைத்ததில்லை), மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் சொன்ன துருவப் பயணக் குறிப்புகள், குளிருக்காகவும் தனிமைக்காகவும். அப்படியே ஒன்பது சேர்ந்தது. ‘பரிந்துரைப்பவர்’ என்ற இடத்தில் உறுப்பினர் எண்களைப் போட்டேன். பல்சுவை பற்றி மேலதிகாரிக்கு இனிக் குறை இருக்காது.

பத்தாவது என்னுடையது. எழுநூற்று நாற்பது பக்க நாவல். குறிப்பு: ‘112ஆம் பக்கம் வரை படித்தால் போதும்.’

அந்த அட்டையை நாவலிலிருந்து எடுத்துவிட்டேன். மேசை இழுப்பறையில், நூலகத்துக்குள் மட்டும் படிக்க வேண்டிய அகராதிகளுக்குக் குத்தும் முத்திரை இருக்கிறது. மை உலர்ந்திருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அட்டையின் மூலையில், மூன்று எண்களின் மேலும் படாமல், கவனமாகக் குத்தினேன்.

‘இரவல் தருவதற்கு அல்ல.’